ஐந்து சென்ட்டும் ஒரு புள்ளியும்

தசம எண்ணை முழு எண்ணால் பெருக்கும்போது பெருக்கல் என்னவோ பழைய வாய்ப்பாட்டுப் பெருக்கல்தான். இடையில் புகுந்து குட்டையைக் குழப்புவது புள்ளி ஒன்றே. ஆகவே முதல் வேலை, அதை வெளியே அனுப்பிவிடுவது. மிஞ்சியதை முழு எண்ணாக நினைத்துப் பெருக்க வேண்டும். தசம எண்ணில் புள்ளிக்கு வலப்புறம் எத்தனை இலக்கங்கள் இருந்தனவோ, விடையின் வலக்கோடியிலிருந்து அத்தனை இலக்கங்களை எண்ணி, புள்ளியை மறுபடி உள்ளே அழைத்துக்கொள்ள வேண்டும்.

நிலக் கணக்கில் இது தினமும் நடக்கிறது. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் மனைக்கு 4356-ஐ 5-ஆல் பெருக்கினால் 21780. புள்ளிக்குப் பின் இருந்தது ஒரே இலக்கம், ஆகவே 2178.0, அதாவது 2178 சதுர அடி. 435.6 என்பது 4356-இல் பத்தில் ஒரு பங்கு. புள்ளியை எடுத்தபோதே எண் பத்து மடங்கு வீங்கிவிட்டது. அந்த வீக்கம் வடிய வேண்டுமானால் புள்ளி திரும்பி வந்தாக வேண்டும்.

புள்ளியை வைக்க மறந்தவருக்கு 21,780 சதுர அடி கிடைக்கும். அது சரியாக அரை ஏக்கர். ஐந்து சென்ட்டுக்குப் பணம் கட்டிவிட்டு அரை ஏக்கருக்கு வேலி போடக் கிளம்பினால், பக்கத்து நிலத்துக்காரர் அவரைத் திருத்தக் கணக்குப் புத்தகத்தோடு வரமாட்டார்.

இன்னொரு வகையினருக்குக் கடைசிப் பூஜ்யத்தைக் கண்டால் கை அரிக்கும். முதலில் அதை அடித்துவிட்டுப் பிறகு புள்ளி வைத்தால் மனை 217.8 சதுர அடியாகச் சுருங்கும். அதில் கார் நிறுத்தலாம். வீட்டுக்காரர் தெருவில் நிற்க வேண்டியதுதான். முதலில் புள்ளி, அப்புறம்தான் பூஜ்யத்தின் மேல் கை.

அந்தப் பூஜ்யத்தையும் எல்லா இடத்திலும் அடிக்க முடியாது. ஒரு ஜிமிக்கி 3.875 கிராம் என்றால் ஜோடி 7.750 கிராம். பள்ளி நோட்டில் 7.75 போதும். நகைக்கடை பில்லில் மூன்றாம் இலக்கமும் நிற்கும். தராசு மில்லிகிராம் வரை பார்த்தது என்பதற்கு அதுவே சாட்சி. செய்கூலியிலும் சேதாரத்திலும் போனதை வாங்குபவர் தேடுவதும் அந்தப் பூஜ்யத்தில்தான்.

சில சமயம் இலக்கங்களே போதாமல் போகும். 0.005 கிலோ ஏலக்காய்ப் பொட்டலம் எட்டு வேண்டும்: ஐயெட்டு நாற்பது. புள்ளிக்குப் பின் மூன்று இடம் தேவை, கையில் இருப்பதோ இரண்டு இலக்கம். இடப்பக்கம் ஒரு பூஜ்யத்தை முட்டுக்கொடுத்தால் 0.040 கிலோ, அதாவது 40 கிராம். விடை எட்டைவிடச் சிறியதாக வந்துவிட்டதே என்று பதற வேண்டாம். எட்டுப் பொட்டலம் எட்டுக் கிலோ ஆனால் பதற வேண்டியவர் கடைக்காரர்.

10, 100 ஆகியவற்றால் பெருக்க வாய்ப்பாடே வேண்டாம். பூஜ்யங்களின் எண்ணிக்கைக்கேற்பப் புள்ளி வலப்புறம் நகரும். நூறு சென்ட் 43,560 சதுர அடி, அதுதான் ஏக்கர்.

இதையும் கஷ்டம் என்பவர்கள் அணா காலத்துக் கணக்கைப் பார்க்கலாம். 3 ரூபாய் 5 அணா 7 பையை எட்டால் பெருக்க வேண்டும். ஏழெட்டு 56 பை. 12 பை ஓர் அணா என்பதால் 4 அணா 8 பை. ஐயெட்டு 40, அதோடு 4 சேர்த்து 44 அணா. 16 அணா ஒரு ரூபாய் என்பதால் 2 ரூபாய் 12 அணா. ஆக மொத்தம் 26 ரூபாய் 12 அணா 8 பை. இந்திய நாணயம் தசமத்துக்கு மாறியது 1957 ஏப்ரல் 1 அன்று. தேதியைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம், மாற்றம் நிஜம். அதன்பின் 3.35 ரூபாயை எட்டால் பெருக்கினால் ஒரே வரியில் 26.80.

விடையைச் சரிபார்க்கத் தோராயக் கணக்கு போதும். 435.6-ஐ 400 என்று கொண்டால் ஐந்து சென்ட் 2000 சதுர அடிக்குச் சற்று மேலே வரவேண்டும். 217.8-ம் 21,780-ம் அங்கேயே அடிபட்டுப் போகும். பத்திரப் பதிவுக்கு முன்னால் செய்தால் இதற்குச் செலவும் இல்லை.