வழு, வழாநிலை, வழுவமைதி

நிரல் மூவகைப்படும்: வழுவுடையது, வழுவற்றது, வழுவுடையதாயினும் வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்பதால் அமைத்துக்கொள்ளப்படுவது. முதல் இரண்டையும் நிரலைச் சோதிக்கும் கருவியே பிரித்துச் சொல்லிவிடும். மூன்றாவதே இக்கட்டுரையின் பொருள். உலகில் ஓடிக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் அதுவே.

தொன்மை பற்றிச் சிறிது. 1976-ல் தாமஸ் மெக்கேப், ஒரு ஃபங்ஷனுக்குள் பாதைகள் எத்தனை பிரிகின்றன என்று எண்ணும் முறையைக் கண்டு, 10-க்கு மேல் வேண்டாம் என்றார். அது நியாயமான வரம்பே, மந்திர எண் அன்று என்றும் எழுதிவைத்தார். பின்வந்தோர் மந்திர எண்ணாகவே கொண்டனர். 1978-ல் பெல் ஆய்வகத்து ஸ்டீபன் ஜான்சனின் 'லின்ட்' சி மொழி நிரல்களில் குற்றம் காணத் தொடங்கியது. அன்று அதை ஓட்டுவது நிரலாளரின் விருப்பம். இன்று பைப்லைனே ஓட்டுகிறது, விருப்பத்துக்கு இடமில்லை.

அத்தகைய கருவியான சோனார்க்யூபில், தரம் குறைந்த நிரலைத் தடுக்கும் வாயிலுக்கு 'குவாலிட்டி கேட்' என்று பெயர்; அதன் மூலவிதி 'சோனார் வே' எனப்படும். புது நிரலில் 80 விழுக்காடு டெஸ்ட் கவரேஜ் வேண்டும், நகல் வரிகள் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பன அதன் கூறுகள். 'புது' என்ற சொல்லைக் கவனிக்க. முன்னோர் எழுதியது எப்படியிருப்பினும் இந்தக் கேட் அதைத் தடுக்காது. முன்னோர் யார் என்பதை கிட் வரலாற்றைக் கொண்டே கருவி அறியும். கிட்ஹப்பின் செக்அவுட் இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் கொண்டுவரும். ஆகவே 'ஃபெட்ச் டெப்த்' 0 என்று அமைக்க வேண்டும். இங்கே 0 என்றால் முழு வரலாறு.

கவரேஜ் என்பது டெஸ்ட் ஓடுகையில் எந்தெந்த வரி இயங்கியது என்னும் கணக்கு. சரியாக இயங்கியதா என்பது அதன் கவலை அன்று. எனவே ஃபங்ஷனை அழைத்துவிட்டு, வந்த விடையைத் திரும்பியும் பாராத டெஸ்ட் முழு மதிப்பெண் பெறும். அசெர்ட் இல்லாத டெஸ்டைக் கண்டிக்கச் சோனாரில் விதி உண்டு. அதற்காக நிரலாளர் 'அசெர்ட் ட்ரூ' என்று அழைத்து, அடைப்புக்குள்ளும் 'ட்ரூ' என்றே எழுதுவர். அதைக் கண்டிக்கவும் விதி உண்டு. உரைநூல்கள் பெருகியதும் இவ்வாறே.

இனி வழுவமைதி. வரியின் ஈற்றில் 'நோசோனார்' என்று குறித்தால் அவ்வரி மீது குற்றம் எழாது. 'எக்ஸ்க்லூஷன்ஸ்' பட்டியலில் சேர்த்தால் ஒரு ஃபோல்டர் முழுவதும் விலக்குப் பெறும். புது வரிகள் 20-க்குக் குறைந்தால் கவரேஜும் நகலும் பார்க்கப்படா; இது கருவியே இயல்பாக அளிக்கும் சலுகை. மாற்றங்களைச் சிறுசிறு மெர்ஜ் ரிக்வெஸ்ட்டுகளாகப் பிரிக்கவேண்டும் என்னும் மூத்தோர் அறிவுரைக்கு இதைவிட வலுவான காரணத்தை எவரும் தந்ததில்லை.

கடன் கணக்கும் உண்டு. நிரலின் குறையைக் கடன் என்று 1992-ல் வார்ட் கன்னிங்ஹாம் உவமித்தார். சோனார் அதை நிமிடங்களில் அளக்கிறது. ஒரு வரி எழுத 30 நிமிடம் என்பது அதன் இயல்பான கணிப்பு. திருத்தத் தேவையான நேரம், எழுதத் தேவையான நேரத்தில் 5 விழுக்காட்டுக்குள் அடங்கினால் 'ஏ' தரம். அந்த 30 நிமிடக் கணிப்பின்படி எட்டு மணி நேர வேலைநாளில் ஒருவர் 16 வரி எழுதுவார். மேலாளரிடம் தரத்தைக் காட்டுவதும் இக்கணிப்பைக் காட்டாதிருப்பதும் மரபு.

வழுவமைதிகளுள் தலையாயது கிட்லேப் பைப்லைன் ஃபைலில் 'அலவ் ஃபெயிலியர்: ட்ரூ' என்னும் ஒற்றை வரி. ஸ்கேன் தோற்றாலும் பில்டு தொடரும். தோல்விக்கு அடையாளமாக ஓர் ஆரஞ்சு ஆச்சரியக்குறி மட்டும் நிற்கும். இவ்வரியைச் சேர்க்கும் கமிட்டின் குறிப்பு எப்போதும் 'டெம்பரரி' என்றே தொடங்கும்.

படித்தவர் இன்றே தம் பைப்லைன் ஃபைலைத் திறந்து அவ்வரியைத் தேடுக. கிடைத்தால், சேர்த்தவர் யார் என்று கிட் பிளேமில் பார்க்க வேண்டாம். நீக்குக, ஆனால் வெள்ளிக்கிழமை நீக்காதீர்கள்.