நின்ற திருக்கோலம்

ஊழியர் நலம் என்னும் அருங்கலையைக் கசடறக் கற்றுத் தெளிந்த வள்ளல், ஆறு மாடி கண்ட ஜவுளிச் சக்கரவர்த்தி, எங்கள் ஊர்ப் பெருங்கடையின் முதலாளி ஐயா அவர்களின் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன். அந்தத் திருவடிகள் ஒரு நாளும் வீங்கியதில்லை. ஏசி அறையில், சுழல் நாற்காலியின் கீழ், ஒரு குண்டுமணி எடையும் தாங்காமல் இளைப்பாறும் பேறு பெற்றவை அவை.

நின்ற, இருந்த, கிடந்த என்று மூன்று கோலங்களிலும் பெருமாளைச் சேவிக்க மதுரைக் கூடலழகர் கோயிலுக்குப் போவார்கள். ஐயாவின் கடைக்கு வந்தாலும் மூன்றும் கிட்டும். இருந்த கோலம் ஐயாவுக்கு. நின்ற கோலம் சேலை செக்‌ஷன் பெண்களுக்கு. கிடந்த கோலம் இரவு 11 மணிக்கு மேல், கடை விடுதியில், காலைச் சுவரில் தூக்கிவைத்தபடி.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் சிலர், வேலை நேரத்தில் உட்கார வேண்டும் என்று கேட்கும் துணிச்சலுக்கு ஆளானார்கள். கேரளம் மயங்கி 2018இல் சட்டம் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்றொரு பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டுமாம். வேலைக்கிடையே உட்கார வாய்ப்பு வரும்போது அவர்கள் உட்காரலாமாம். சட்டத்தைத் தலைமேல் தாங்கும் பண்பாளரான ஐயா, செக்‌ஷனுக்கு ஒன்றாக ஸ்டூல் வாங்கிப் போட்டார். அவற்றின் மேல் பட்டுச்சேலைப் பெட்டிகள் மூன்றடி உயரத்துக்கு வீற்றிருக்கின்றன. தொழிலாளர் துறை அதிகாரி படியேறும் நாளில் மட்டும் பெட்டிகள் இறங்கிக்கொள்ளும்.

வாய்ப்பு வந்தால் உட்காரலாம் என்றுதானே சட்டம்? அந்த வாய்ப்பே வராமல் காப்பதில்தான் ஐயாவின் மதிநுட்பம் ஒளிர்கிறது. வாடிக்கையாளர் இல்லாத மதிய வேளையில், மடித்த சேலைகளைப் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்லிவிடுவார். சோம்பலும் கவலையும் அண்ட இடமேது!

ஒருநாள் கண்ணாரக் கண்டேன். மெத்தையில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவருக்கு ஓர் இளம்பெண் சேலைக்கு மேல் சேலையாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். உடலின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு நின்றது. அம்மையார் எதையும் எடுக்காமல் எழுந்து போனதும் அலமாரியில் லேசாகச் சாய்ந்தாள். சூப்பர்வைசர் பறந்து வந்தார்.

"ஏம்மா, சாயாத. மேல இருந்து கேமரால பாக்குறாரு."

"கால் கடுக்குது அண்ணே. ரெண்டே நிமிஷம்."

"அம்பது ரூவா புடிச்சிருவாங்க தாயி. நேரா நில்லு."

தன் பிள்ளைகளின் முதுகெலும்பு வளையாமல் கேமரா வைத்துக் காக்கும் தகப்பனை வேறெங்கே காண்போம்? நின்று நின்று சம்பாதித்த நரம்புக்கு நாளை ஆபரேஷன் என்று வந்தால், அந்தச் செலவை அவள் வீட்டுக்கே முழுமையாக விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மையும் ஐயாவுக்கு உண்டு. கழிவறைக்குப் போய்வரும் நேரத்தை நோட்டில் குறித்துவைக்கும் கரிசனமோ சொல்லி மாளாது. அதன் பயனாகப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். நீர்க்கடுப்பு வந்தவர்களுக்கு லீவு தாராளமாக உண்டு, சம்பளம் இல்லாமல்.

ஊக்கம் தருவதிலும் ஐயா குறைவைத்ததில்லை. போன ஆடித் தள்ளுபடிக்கு முன் நாடறிந்த பேச்சாளர் ஒருவரை வரவழைத்து, 'பணியில் மகிழ்ச்சி' என்ற தலைப்பில் பேசவைத்தார். மேடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று பேச்சாளருக்கு, ஒன்று ஐயாவுக்கு. ஊழியர்கள் அனைவரும் ஒன்றரை மணி நேரம் நின்று கேட்டு மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி நம் மனத்தில்தான் இருக்கிறது என்றார் பேச்சாளர். கால்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாகரிகம் தெரிந்தவர். அந்த நேரத்தை ஈடுகட்ட அன்றிரவு கடை ஒன்றரை மணி நேரம் தாமதமாகச் சாத்தப்பட்டது.

வரும் தீபாவளிக்குள் ஏழாவது மாடியும் எழும்பப்போகிறது. லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும் என்ற பலகை இப்போதே தயார். ஊழியர்கள் படியேறி வரவேண்டும். அந்த உடற்பயிற்சிக்கு ஐயா தனியாகக் கட்டணம் எதுவும் வசூலிக்கப்போவதில்லை.