ஐந்து வண்டி, ஓர் உயிர்

டெல்டாக்காரனுக்கு எதையும் விற்கக் கை வராது. நிலத்தை விற்றால் குலத்துக்கே இழுக்கு என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர். நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்த பிறகு அந்த வைராக்கியம் மற்ற சாமான்கள் மேல் இறங்கிவிட்டது. சில வீடுகளில் பித்தளை அண்டா, சில வீடுகளில் கால் ஆடும் சாய்வு நாற்காலி. எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள். திருவையாற்றுப் பக்கம் எங்கள் வீட்டில், ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய தாழ்வாரத்தில், இப்போது ஐந்து வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஐந்தும் என் பெயரில். ஐந்துக்கும் ஆர்.சி. புத்தகம் உண்டு, ஐந்துக்கும் இன்சூரன்ஸ் உண்டு. வீட்டில் ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான்.

மூத்தது அப்பாவின் டிவிஎஸ் 50. 1980-இல் ஓசூரிலிருந்து வர ஆரம்பித்த இந்த 49 சி.சி. வண்டி காவிரிப் படுகையில் சுமந்ததை எல்லாம் எழுதினால் ஒரு முனைவர் பட்டம் தேறும். யூரியா மூட்டை, நாற்றுக்கட்டு, பால் கேன், மருந்தடிக்கும் மெஷின். புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்த அத்தையையும், அவளைச் சமாதானம் பேசிக் கொண்டுபோய் விடக் கிளம்பிய பாட்டியையும் ஒரே நடையில் ஏற்றிப் போனதும் உண்டு.

அடுத்தது மாமனார் வழியில் வந்த புல்லட். திருவொற்றியூரில் செய்த அசல் சரக்கு, 346 சி.சி. அந்தக் காலத்து மிராசுதார் வண்டி. சத்தம் ஒரு மைலுக்கு அப்பால் கேட்கும்போதே வரப்பில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் எழுந்து வேலையைத் தொடங்கிவிடுவார்களாம். நிலமும் போய் ஆட்களும் போன பிறகு, மிஞ்சிய சத்தம் எனக்குச் சீராக வந்தது. மூன்றாவது யமஹா ஆர்.எக்ஸ். 100. 1996-இல் உற்பத்தி நின்றதிலிருந்து இதன் மவுசு ஏறிக்கொண்டே போகிறது. தஞ்சாவூர் கீழவாசலில் நிறுத்தினால் மீசை அரும்பாத பையன்கள் வந்து, "அங்கிள், குடுக்கிறீங்களா?" என்று கேட்கிறார்கள். நாலாவது ஸ்ப்ளெண்டர். அது தினமும் ஓடுவதால் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவது எக்ஸ்.எல். 100, வயலுக்கு.

இனி கணக்கு. தேர்ட் பார்ட்டி பிரீமியத்தைக் கம்பெனிகள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, அரசு அறிவிக்கும் கட்டணம் அது. 2022 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த பட்டியல்படி 75 சி.சி. வரை ஆண்டுக்கு 538 ரூபாய். அதற்கு மேல் 150 வரை 714. அதற்கு மேல் 350 வரை 1,366. அதையும் தாண்டினால் 2,804. டிவிஎஸ் 50-க்கு 538. யமஹா, ஸ்ப்ளெண்டர், எக்ஸ்.எல். மூன்றுக்கும் தலைக்கு 714, புல்லட்டுக்கு 1,366. கூட்டினால் 4,046. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 4,774 ரூபாய் 28 காசு. மூட்டை சுமக்கும் எக்ஸ்.எல்.லும், கல்லூரிப் பையன்களைப் பறக்கவிட்ட யமஹாவும் இந்தப் பட்டியலில் ஒரே பந்தி.

புல்லட்டுக்கு மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம். இன்னும் ஐந்து சி.சி. கூடியிருந்தால் பிரீமியம் இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கும். இந்த 350 என்ற எல்லைக்கோடு நம் நாட்டில் பெரிய கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் புது வண்டிக்கு 350 சி.சி. வரை 18 சதவீத வரி, அதைத் தாண்டினால் 40 சதவீதம். இன்றைய புல்லட்டை 349 சி.சி.யில் செய்கிறார்கள். அந்த ஒரு சி.சி. என்ன ஆயிற்று என்று இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பட்டியலை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் அதில் சி.சி. இருக்கிறது, ஆள் இல்லை. நான் ஸ்ப்ளெண்டரில் பாபநாசம் போயிருக்கும்போது தாழ்வாரத்தில் நிற்கும் மற்ற நாலும் யாரை இடிக்கும்? பூனையைக்கூட இடிக்காது. பூனை புல்லட் சீட்டில் தூங்குகிறது. ஆனால் பிரீமியம் தூங்குவதில்லை.

இதற்குச் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு பொது இடத்தில் ஓட்டும் வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் கேட்கிறது. தாழ்வாரம் பொது இடம் இல்லை. அப்படியே நிறுத்திவைத்திருந்தால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. ஆனால் தெருமுனை டீக்கடை பொது இடம். கரந்தையில் மெக்கானிக் பட்டறைக்குப் போகும் வழி முழுக்கப் பொது இடம். முதல் தடவை பிடிபட்டால் 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000. மூன்று மாதம் வரை சிறை என்றும் சேர்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். டிவிஎஸ் 50 ஓட்டியதற்காகச் சிறைக்குப் போனவன் என்ற பெயரோடு என் பிள்ளைகளுக்கு எங்கே சம்பந்தம் பேசுவது?

கேலி ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகள் பற்றி 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2018-இல் புது உத்தரவு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் புதிதாக வாங்கும் இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டியை முதல் நாளே கட்டிவிட வேண்டும். காரணம், ஏராளமானவர்கள் முதல் வருடத்துக்குப் பிறகு புதுப்பிப்பதே இல்லை. எங்கள் ஊரை வைத்துச் சொல்கிறேன், ஷோரூமில் போட்ட இன்சூரன்ஸும் கோயிலில் வைத்த சந்தனப் பொட்டும் வண்டியிலிருந்து ஏறக்குறைய ஒரே சமயத்தில் அழிந்துபோகும். அப்படிப்பட்ட வண்டி நடவு முடிந்து நடந்து வரும் ஒரு கூலித் தொழிலாளியை இடித்தால், நீதிமன்றம் நஷ்டஈடு எழுதித் தரும். யாரிடம் வாங்குவது? இடித்தவனிடமும் ஒன்றும் இருக்காது. அதனால் தேர்ட் பார்ட்டி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்பா சொல்வார். "நம்ம காசைக் கட்டி ஊரான் காலுக்குக் கட்டுப் போடுறதாடா?" என்பார். ஊரான் கால் மட்டுமில்லை, சொத்துக்கும் உண்டு. இருசக்கர வண்டி என்றால் ஒரு லட்சம் ரூபாய் வரை. எங்கள் சாலைகளில் அப்படிச் சேதமாகக்கூடிய சொத்து பெரும்பாலும் ஆடு. ஒரு லட்சத்துக்கு ஆடு இந்தப் பக்கம் இல்லைதான். ஆனாலும் அடிபட்டவுடன் ஆட்டுக்காரர் சொல்லும் விலை அந்த வரம்பை நோக்கித்தான் போகும். சினை ஆடு என்பார். டெல்டாவில் இதுவரை வண்டியில் அடிபட்ட ஆடுகள் எல்லாமே சினை ஆடுகள்தான், கிடாய் உட்பட.

தேர்ட் பார்ட்டியின் முழு அழகு 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலில் தெரிந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னை இருந்த இடமெல்லாம் மரங்கள் சாய்ந்து கிடந்தன. பேராவூரணியில் என் சகலையின் வண்டிமேல் ஒரு மரம். அவரிடம் இன்சூரன்ஸ் இருந்தது, தேர்ட் பார்ட்டி. அவருடைய மரம், அவருடைய கொல்லை, அவருடைய வண்டி. மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது?

ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருந்தால் புயல், வெள்ளம் எல்லாம் அடங்கும். பழைய வண்டிக்கு அதைப் போடுவதில்தான் சிக்கல். நாலு வயதைத் தாண்டிய வண்டிக்கு விலையில் பாதியைக் கழித்துவிடுவார்கள். ஐந்து வயதுக்கு மேல் கம்பெனியும் நாமும் பேசி மதிப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். யமஹாவுக்காகப் பேசினேன். அவர்கள் சொன்ன தொகைக்கு அதன் சைலன்சரை வாங்கலாம், பொருத்துகிற கூலியைக் கையிலிருந்து கொடுத்தால்.

எங்கள் பக்கம் இன்சூரன்ஸ் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வண்டி இல்லை, வயல். 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. வண்டிக்குக் கடைசிக் காசு வரை நான். பயிருக்குச் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் என்று ஒரு கட்டு தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். வண்டிக்கு ஒரு போன் நம்பர் போதும். அதைக் கொடுத்த பிறகு, ஐந்து வண்டியின் ரினிவலுக்கும் ஆண்டு முழுக்க யாராவது இந்தியில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

மகசூல் இழப்பைப் பார்க்கும் முறைதான் விசேஷம். என் வயலை மட்டும் பார்க்க மாட்டார்கள். கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, மாதிரிக்கு அறுத்து, வந்த மகசூலை முந்தைய ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டு, கிராமத்துக்கே ஒரு கணக்கு. இதே முறையை வண்டிக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? நான் வெண்ணாற்றில் விழுந்து கிடப்பேன். அதிகாரிகள் குலுக்கலில் நாலு வீட்டைத் தேர்ந்தெடுத்து வண்டிகளைச் சுற்றிப் பார்ப்பார்கள். ஊர் வண்டிகள் வழக்கமாக விழுவதைவிட இந்த ஆண்டு கூடுதலாக விழவில்லை, ஆகவே இழப்பீடு இல்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள். பக்கத்து ஊரில் சராசரி எகிறியிருந்தால், வண்டியைத் தொடாமல் திண்ணையில் படுத்திருந்தவருக்கும் பணம் வரும். திருப்பியும் போட்டுப் பார்த்தேன். வயலுக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால், ஐப்பசி மழையில் என் சம்பா மூழ்கினால் பைசா கிடையாது. என் சம்பா வரப்பைத் தாண்டி அடுத்தவர் வயலில் சாய்ந்தால் அவருக்குப் பணம். இதை டீக்கடையில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஏதோ புதுத் திட்டம் வந்திருக்கிறது என்று நினைத்து, கடைசித் தேதி எப்போது என்று கேட்டார்கள்.

எங்களைப் போன்ற பல வண்டிக்காரர்களை அரசாங்கம் நினைக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஓர் அனுமதி கொடுத்தது. ஒரே ஆளிடம் இருக்கும் பல வண்டிகளுக்கு ஒரே பாலிசி போடலாம்; ஓட்டுகிற தூரத்துக்கு ஏற்பவும் பிரீமியம் வாங்கலாம். படித்ததும் எழுந்து நின்றேன். இரண்டாவது பத்தியில் உட்கார்ந்தேன். அந்தச் சலுகையெல்லாம் நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பீட்டுக்கு மட்டும். தேர்ட் பார்ட்டிக்கு இல்லை. அதாவது, புது வண்டி ஐந்து வைத்திருக்கும் பணக்காரருக்கு உதவும். அப்பா, மாமனார் விட்டுப்போன பழைய வண்டிகளைக் கட்டிக் காப்பவனுக்கு உதவாது.

"என்னங்க, பொங்கலுக்கு என் தம்பிங்க வந்தா அஞ்சு வண்டியும் வெளியிலதானே போகுது?" என்றாள் மனைவி. உண்மைதான். காணும் பொங்கலன்று தாழ்வாரம் காலி. பெரிய மச்சான் புல்லட்டில், சின்னவன் யமஹாவில், அவன் மகன் கேட்காமலே எக்ஸ்.எல்.லில். ஒருவரும் ஹெல்மெட் போடுவதில்லை. அன்று ஒரு நாள் கம்பெனியின் கட்சிதான் நியாயம். மற்ற நாட்களுக்கு நான் ஒருவன், எனக்கு ஓர் உடம்பு. ஒரே ஆள் பெயரில் இரண்டாவது, மூன்றாவது வண்டி என்றால் தேர்ட் பார்ட்டியிலும் குறைத்துத்தான் வாங்க வேண்டும்.

உடம்பு ஒன்றுதான் என்பதைச் சட்டம் ஒரே ஓர் இடத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறது. வண்டியின் சொந்தக்காரர் ஓட்டும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு, இருசக்கர வண்டிக்கு வெறும் ஒரு லட்சமாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைத் தொடர்ந்து 2018-இல் அதைப் பதினைந்து லட்சமாக்கினார்கள். பிரீமியம் 750 ரூபாய் என்று வைத்தார்கள். வண்டிக்கு ஒன்று என்றால் எனக்கு 3,750. ஐந்து வண்டியிலும் ஒரே நேரத்தில் ஏறிச் சாவது எப்படி என்று யாரோ யோசித்திருக்க வேண்டும். 2019 ஜனவரியிலிருந்து, ஒரு வண்டியில் இது இருந்தால் மற்ற வண்டிகளுக்கு மறுபடி எடுக்க வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

ஆகவே, வீட்டில் ஒன்றுக்கு மேல் வண்டி வைத்திருக்கிறவர்கள் பழைய பாலிசிகளைப் பீரோவிலிருந்து எடுத்து, 'பி.ஏ. ஓனர் டிரைவர்' என்ற வரிக்கு எத்தனை பாலிசியில் பணம் கட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரே பெயரில் ஒன்றுக்கு மேல் இருந்தால் அடுத்த ரினிவலில் நீக்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார். அப்படியே லைசென்ஸின் தேதியையும் பார்த்துவிடுங்கள். அது காலாவதியாகி இருந்தால் அந்தப் பதினைந்து லட்சமும் கிடையாது.