கட்டுப் போட முடியாத வலி

அடிபடுவதற்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. கை உடைந்தால் மாவுக்கட்டு. தலையில் பட்டால் வெள்ளைத் துணி, நெற்றிப்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு. நான் பார்த்து வளர்ந்த தமிழ்ப் படங்களில் அடிபட்டவர் யார் என்பதில் டாக்டருக்கோ கதாநாயகிக்கோ ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்ற கால்வலி இந்த மரபுக்கு முழு விரோதி. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள்விளிம்பு நெடுக, யாரோ அரம் வைத்து ராவுவதுபோல வலிக்கும். வெளியே கால் பளபளவென்று இருக்கும். வீக்கம் கிடையாது, ரத்தம் கிடையாது, எக்ஸ்ரே எடுத்தால் அதிலும் ஒன்றும் கிடையாது. வலிப்பது நமக்கு மட்டும்தான் தெரியும். ராணுவத்தில் அது போதாது.

சிங்கப்பூரில் 1967 முதல் பையன்களுக்குத் தேசிய சேவை கட்டாயம். பதினெட்டு வயதுவாக்கில் சாங்கியில் படகேறி, புலாவ் தெக்கோங் தீவில் இறங்கினால் அடிப்படை ராணுவப் பயிற்சி. முந்தைய நாள்வரை ஓட்டம் என்றால் நமக்குப் பேருந்து கிளம்பும் நேரத்தில் வருவது. தீவிலோ சாப்பாட்டுக்கூடத்துக்கு ஓட்டம், அங்கிருந்து படுக்கைக்கூடத்துக்கு ஓட்டம், தாமதமானால் தண்டனையாக இன்னொரு ஓட்டம். இதற்கு நடுவே உடற்பயிற்சி வகுப்பு என்று தனியாக வேறு ஒன்று வரும், அதிலும் ஓட்டம். எலும்புக்கு ஒரு குணம் உண்டு. பாரம் கூடினால் தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும், ஆனால் அதற்கு வாரக்கணக்கில் அவகாசம் கேட்கும். மூச்சும் சதையும் சீக்கிரம் பழகிவிடுகின்றன. பையன் தெம்பாக இருக்கிறான் என்று தூரத்தைக் கூட்டுகிறார்கள், அடியில் எலும்பு இன்னும் முதல் வாரத்துக் கணக்கையே முடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

வலியைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அதன் துரோகத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும். உடம்பு சூடானதும் மறைந்துவிடும். ஓடி முடித்து நின்றதும் வட்டியோடு திரும்ப வரும். ஆக, தொடக்கத்தில் நொண்டிக்கொண்டிருந்தவன், சார்ஜன்ட் வந்து பார்க்கும் நடுப்பகுதியில் மான்போல ஓடிக்கொண்டிருப்பான். முடிந்ததும் மறுபடி நொண்டுவான். இதைப் பார்க்கும் எந்த நியாயமான மனிதனும் ஒரு முடிவுக்குத்தான் வருவான். அந்த முடிவுக்குப் பெயர் கெங். நடிக்கிறான் என்பதற்கு ஹொக்கியன் மொழிச் சொல். தமிழன், மலாய்க்காரன், சீனன் என்ற பேதமில்லாமல் முகாமில் எல்லோரும் பேசும் சொல். எங்கள் சார்ஜன்ட்டும் தேசிய சேவை செய்ய வந்த பையன்தான், என்னைவிட ஒரு வயது மூத்தவராக இருந்தால் அதிகம். ஆனால் நான் குனிந்து காலைத் தடவும்போதெல்லாம் அவர் பார்த்த பார்வையில் முப்பது வருட அனுபவம் இருந்தது.

மருத்துவ அதிகாரியிடம் போனேன். நல்ல மனிதர். கட்டைவிரலால் எலும்பு நெடுக அழுத்திக்கொண்டே "இங்கே? இங்கே?" என்று கேட்டார். எனக்கு வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்த பதற்றம். எல்லா இடத்திலும் "ஆமாம்" சொன்னால் நடிப்பென்று நினைப்பாரோ என்று நடுவில் ஓரிடத்தில் "இல்லை" சொல்லிவைத்தேன். அவர் புருவத்தைத் தூக்கி, அதே இடத்தில் மறுபடி அழுத்தினார். நான் துள்ளியதில் நாற்காலி பின்னால் போனது. பிறகு பொறுமையாக விளக்கினார். வலி ஓர் உள்ளங்கை நீளத்துக்குப் பரவியிருந்தால் ஷின் ஸ்பிளின்ட்ஸ். ஒரே புள்ளியில், விரல் நுனியால் தொட்டுக்காட்டும்படி இருந்தால், படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். அதைச் சும்மா விடக்கூடாது, ஓடவே கூடாது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயிலும் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்துத்தான் பார்க்கவேண்டும். என்னுடையது உள்ளங்கை ரகம். ஓட்டம், அணிநடை, குதித்தல் மூன்றுக்கும் விலக்கு என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை வாங்கியவன் நிழலுக்குப் போகிறான். சக பையன்கள் வெயிலில் சுற்றிச் சுற்றி ஓட, நாங்கள் சில பேர் மரத்தடியில் தண்ணீர்க் கேன்களுக்குக் காவல். தெக்கோங்கில் காட்டுப்பன்றிகள் உண்டு. அவைகூட எங்களைவிடச் சுறுசுறுப்பாக இருந்தன. ஓடிவருகிறவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள், பாருங்கள், அந்தப் பார்வைக்கு மருந்து கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கணுக்காலில் கனத்த கட்டு. அவனை எல்லோரும் நலம் விசாரித்தார்கள். நான் அவன் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த வாழ்க்கையில் நான் பொறாமைப்பட்ட ஒரே துணி அதுதான்.

வார இறுதியில் வீட்டுக்குப் போனால் அங்கே வேறு மருத்துவம். "நரம்பு பிசகியிருக்கும்டா" என்றார் அம்மா. எங்கள் குடும்பத்தில் எலும்பு, சதை, மூட்டு என்ற பிரிவினையெல்லாம் கிடையாது. தலைக்குக் கீழே எல்லாம் நரம்பு. அப்பா வாயு என்றார். அவருக்குப் பல்வலியும் வாயுதான். கோடாலித் தைலம் இரண்டு பாட்டில் காலியானது. அப்புறம் ஈசூனிலிருந்து அத்தையை வரவழைத்தார்கள். அத்தை கால் முன்னால் வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் பிடிப்பு, சுளுக்கு எல்லாம் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆனால் அது முதுகுக்கு. முதுகில் மிதிக்கவேண்டியதை அத்தை, நோய் எங்கேயோ அங்கே என்று, நேராகக் கணைக்காலிலேயே மிதித்துவிட்டார். நல்ல உடம்பு அத்தைக்கு.

ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்பியபோது காலில் கைப்பிடி அகலத்துக்குக் கன்றிப்போய், நீலமும் ஊதாவுமாக இருந்தது. சார்ஜன்ட் பார்த்தார். முகமே மாறிவிட்டது. "இவ்வளவு மோசமாக இருந்தால் முதலிலேயே காட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டு, அவரே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அத்தைக்கு இன்றுவரை தன் கைவண்ணத்தில், அதாவது கால்வண்ணத்தில், மருமகன் குணமானதாகத்தான் நினைப்பு. நான் மறுத்ததில்லை. ஒரு வகையில் உண்மைதானே.

பின்னாளில் இதைப் பற்றி வாசித்தபோது எனக்குத் துணைக்கு ஒரு கூட்டமே இருப்பது தெரிந்தது. பிரைட்ஹௌப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் 1855-இல், நெடுந்தூரம் அணிநடை போன சிப்பாய்களின் பாதங்கள் காரணம் தெரியாமல் வலித்து வீங்குவதை எழுதிவைத்தார். எக்ஸ்ரே வந்த பிறகு, 1897-இல்தான், பாத எலும்பு உடைந்திருப்பது படத்தில் தெரிந்தது. நடுவில் 42 வருடம்! எத்தனை பிரஷ்ய சார்ஜன்ட்டுகள் எத்தனை பேரை ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள்? அவர்களுக்காவது வீங்கியது, கொடுத்துவைத்தவர்கள். இஸ்ரேலிய ராணுவத்துக்குப் புதிதாக வந்த 295 பேரைத் தொடர்ந்து கவனித்து 1985-இல் வெளியிட்ட ஆய்வில் 31 சதவீதம் பேருக்கு எலும்பில் விரிசல் காணப்பட்டது. நூற்றுக்கு முப்பத்தொரு பேர் கெங் அடிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. இதைச் சட்டம் போட்டு ஒவ்வொரு முகாம் வாசலிலும் மாட்டலாம்.

இன்னொரு ஆய்வு என் மனதைப் புண்படுத்தியது. ஓடுவதற்கு முன் வட்டமாக நின்று, எண்ணிக்கையைக் கத்திக்கொண்டே கைகால்களை இழுத்து நீட்டுவோமே, அதைப் பற்றியது. ஆஸ்திரேலிய ராணுவத்துக்குப் புதிதாக வந்த 1,538 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை அப்படி நீட்டவைத்தும் பாதிப் பேரை விட்டுவிட்டும் பார்த்திருக்கிறார்கள். கால் காயங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை என்று 2000-இல் எழுதினார்கள். வரும்போதே உடல்தகுதியோடு வந்தவர்களுக்குத்தான் காயம் குறைவு. அந்த வட்டத்தில் நின்று நான் கத்திய எண்களையெல்லாம் யாரிடம் திருப்பிக் கேட்பது?

முழுநேர சேவை முடிந்தாலும் ராணுவம் விடுவதில்லை. வருடாவருடம், ஒரு பிறந்தநாளுக்கும் அடுத்த பிறந்தநாளுக்கும் நடுவே, ஐபிபிடி உடற்தகுதித் தேர்வு. 2015 முதல் மூன்றே அங்கங்கள்: தண்டால், படுத்தெழுதல், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் நூறு புள்ளியில் ஐம்பது ஓட்டத்துக்கு. அதென்ன 2.4 என்ற அரைகுறை எண் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் பிரபலப்படுத்திய பன்னிரண்டு நிமிட ஓட்டச் சோதனைக்கு ஒரு தம்பி உண்டு, ஒன்றரை மைல் ஓட்டம். அதைக் கிலோமீட்டராக்கினால் 2.4 வருகிறது. நானூறு மீட்டர் தடத்தில் ஆறு சுற்று. மனிதர் ஒரு மைலோடு நிறுத்தியிருந்தால் நாலு சுற்றில் வேலை முடிந்திருக்கும்.

முப்பது தாண்டி, இடுப்பில் இரண்டு அங்குலம் கூடி, புள்ளி சேர்த்துப் பரிசுப் பணம் வாங்கலாம் என்ற ஆசையில் மறுபடி ஓட ஆரம்பித்ததும் பழைய நண்பன் வந்துசேர்ந்தான். இந்த முறை அத்தையிடம் போகவில்லை, இயன்முறை மருத்துவரிடம் போனேன். "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். ராணுவத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அளவுகோலில் இரண்டே எண்தான், 'இல்லை' என்றும் 'எம்சி', அதாவது மருத்துவ விடுப்பு, என்றும். நாலு என்று சொல்லி வைத்தேன். ஓட்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை, பாதியாக்கச் சொன்னார். மீதி நாளில் நீச்சல் அல்லது சைக்கிள். காலை எட்டி வைக்காமல் குட்டைக் குட்டையாக, வேகமாக வைத்து ஓடவேண்டும். தினமும் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கவேண்டும், கெண்டைக்கால் தேறினால் எலும்புக்கு அடி குறையும். வலி ஏறாமல் இருந்தால் மட்டும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டலாம். இவ்வளவுதான் வைத்தியம். விறுவிறுப்பே இல்லை. தைலத்தின் வாசனைகூடக் கிடையாது.

குட்டை அடி வைத்து நான் ஓடுவதைப் பார்த்த என் மனைவி, கழிவறை தேடுகிறேன் என்று நினைத்தாளாம். எங்கள் வீவக அடுக்குமாடிப் படிக்கட்டில் நின்று ஏறுவதாகவும் இல்லாமல் இறங்குவதாகவும் இல்லாமல் எம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி "லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கப்போனால் நீளும். பாவம், அவர் ஒன்பது மாடியும் நடந்தே இறங்கினார்.

மெதுவாகத்தான் என்றாலும் வேலை செய்தது. அந்த வருடம் தேறி, ஊக்கத்தொகை இருநூறு வெள்ளியும் வாங்கினேன். புதுக் காலணி, இயன்முறை மருத்துவர் கட்டணம் போக எனக்கு நிகர நஷ்டம் எவ்வளவு என்று மனைவி ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள்.

போன மாதம் அக்கா மகனுக்குத் தேசிய சேவைக் கடிதம் வந்தது. பையன் கூடைப்பந்து ஆடுகிறவன். சேருவதற்கு முன்பே இரண்டு வருடமாவது பந்து விளையாடியவர்களுக்கு எலும்பு விரிசல் குறைவாக வருகிறது என்று அதே இஸ்ரேலியர்கள் பின்னால் கண்டுபிடித்ததைச் சொல்லித் தைரியம் கொடுத்தேன். அவன் கவலை வேறாக இருந்தது.

"நெஜமாவே வலிச்சா எப்படி மாமா நம்புவாங்க?"

எனக்குத் தெரிந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். வலியைக் காட்டச் சொன்னால் உள்ளங்கையால் தடவிக் காட்டினால் ஓய்வு, ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினால் ஸ்கேன். மருத்துவர்கள் கவனிப்பது அதைத்தான். மறைக்காதே, கூட்டியும் சொல்லாதே.

தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்ப ரெண்டு விரலால காட்டினா எத்தனை நாள் எம்சி மாமா?"

இவனுக்காக நான் கவலைப்படுவதை அத்தோடு விட்டுவிட்டேன்.