சாகாவரம் பெற்ற பால் கணக்கு

1989இல், அலுவலகக் கணினியில், சாப்பாட்டு இடைவேளைகளில், ஜிடபிள்யூ பேசிக் மொழியில் பால் கணக்கு பார்க்க ஒரு நிரல் எழுதினேன். என் வாழ்நாள் படைப்பு அது ஒன்றுதான். வாடகை வீடு மாறும்போதெல்லாம் அம்மிக்கல்லையும் சுமந்து போகிற குடும்பத்தைப் போல, அதை ஃபிளாப்பியிலிருந்து சிடிக்கும், சிடியிலிருந்து பென் டிரைவுக்கும் மாற்றிக் காப்பாற்றி வந்திருக்கிறேன். ஓட்டிப் பார்த்ததில்லை. அம்மியில் மட்டும் தினமும் யார் அரைக்கிறார்கள்?

போன மாதம் பால்காரர் சொன்ன தொகையில் சந்தேகம் வந்தது. எனக்கு உற்சாகம் பிறந்தது.

“இது பதினாறு பிட் காலத்துச் சமாச்சாரம்ப்பா. அறுபத்துநாலு பிட் விண்டோஸ் இதைத் தொடவே தொடாது” என்றான் மகன். நோட்பேடில் திறந்தால் வெறும் கிறுக்கல். ஜிடபிள்யூ பேசிக் இடத்தை மிச்சம் பிடிக்கக் கட்டளைச் சொற்களை எண்களாகச் சுருக்கித்தான் சேமிக்கும். எழுத்தாகவே வேண்டுமென்றால் ‘சேவ்’ கட்டளையின் வாலில் ஒரு கமாவும் ‘ஏ’யும் போட வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் அவ்வளவு பொறுமை ஏது?

விடுவேனா? சரித்திரத்தை எடுத்து வீசினேன். “1960 டிசம்பரிலேயே ஒரே கோபால் மொழி நிரலை ஆர்சிஏ கணினியிலும் யூனிவாக் கணினியிலும் கிட்டத்தட்ட அப்படியே ஓட்டிக் காட்டினார்கள், தெரியுமா?”

“எந்தக் கோபாலு? கும்பகோணத்தாரா?” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“2020இல் கொரோனாவால் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்து நியூ ஜெர்சி மாநிலக் கணினிகள் திணறியபோது, கோபால் தெரிந்தவர்கள் வாருங்கள் என்று ஆளுநரே கூப்பிட்டார்!”

“அதுக்கெல்லாம் சம்பளம் கொடுத்து ஆள் வெச்சுப் பார்த்துக்கிட்டாங்கப்பா. உங்க நிரல்ல ‘பி’ன்னா பாலா, பேப்பரா?”

“இரண்டும்தான்.”

பெருமூச்சு விட்டு டாஸ்பாக்ஸை நிறுவினான். புதுக் கணினிக்குள் பழைய கணினியாக நடிக்கும் மென்பொருள் அது. பழைய விளையாட்டுகள் பல இன்றும் உயிரோடிருப்பது அதன் புண்ணியம். பேசிக்கும் அதே பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் தம் பவிசையெல்லாம் மறந்து, என் அரை லிட்டர் பாக்கெட்டுக்காக அந்தக் காலத்து வேகத்துக்கு இறங்கி வந்தன.

ஓடியது! விலைகளைக் கொடுத்தேன். பட்டியலும் வந்தது, ஒவ்வொரு விலைக்கு முன்னாலும் ஒரு % குறியோடு.

“பால்காரர் வட்டிக்கும் விடறாரா என்னங்க?” என்றாள் மனைவி.

அச்சு வடிவத்தை நான் “#.##” என்று கொடுத்திருந்தேன். ரூபாய்க்கு ஒரே இடம். பாக்கெட் பத்து ரூபாயைத் தாண்டும் என்று அன்று யார் கண்டது? கொடுத்த இடத்தில் எண் அடங்காவிட்டால் ஜிடபிள்யூ பேசிக் முன்னால் ஒரு % போட்டு முணுமுணுக்கும். டாஸ்பாக்ஸுக்கு 1989ஆம் ஆண்டுக் கணினியாக நடிக்கத் தெரிகிறது. அந்த ஆண்டு விலைவாசியாக நடிக்கத் தெரியவில்லை.

மகன் இன்னொரு # சேர்க்கப் போனான். “இரண்டாகச் சேர். பேரன் காலத்திலும் ஓட வேண்டாமா?” என்றேன்.

“பேரன் காலத்துல பாக்கெட் நூறு ரூபாய்னு நீங்களே எழுதி வெக்கிறீங்களா? நல்ல வார்த்தையா யோசிங்க.”

ஒன்றோடு நிறுத்திச் சேமித்தேன். கமாவும் ‘ஏ’யும் போட்டு.