இருபது தாண்டிய காருக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
பழைய கார் வாங்கத் துணிந்த ஒருவன்,
ராயகிரி, தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புதுடெல்லி.

பொருள்: வீட்டுக்கு இரண்டாவது வண்டியாகப் பழைய கார் ஒன்றைச் செப்பனிட்டு ஓட்ட அனுமதியும் ஆறுதலும் வேண்டி.

ஐயா,

வீட்டில் புதுக் கார் ஒன்று இருக்கிறது. பெல்ட் போடாவிட்டால் அழும்; கதவு சரியாகச் சாத்தாவிட்டால் கூவும். எனக்கு வேண்டியது, பானெட்டைத் தூக்கினால் எது எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரிகிற ஒரு கார். சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் போய்வரவேண்டும், சாரல் நாளில் குற்றாலம் வரை ஒரு நடை. அவ்வளவுதான்.

மெக்கானிக்கைக் கேட்டேன். "இன்ஜினை எப்ப வேணும்னாலும் இறக்கி வேலை பாத்துக்கிடலாம் அண்ணாச்சி, மொதல்ல அடியில குனிஞ்சு பாருங்க" என்றார். பழைய காருக்குத் துருதான் எமன். மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டைப் பார்க்கவேண்டும். கதவின் கீழ் விளிம்பில் காந்தம் ஒட்டாவிட்டால் அங்கே தகரம் இல்லை, வெறும் பட்டிப் பூச்சு. பெயின்ட் பளபளத்தால் சந்தேகமும் கூடவே வரவேண்டும். சேஸிஸ் நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லையா, டீயைக் குடித்துவிட்டு ஊர் திரும்பவேண்டியதுதான்.

எந்தக் கார்? சென்னைக்குத் தெற்கே ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த ஹெரால்டு மீது ஆசை உண்டு. ஆனால் ஒரு கண்ணாடி ரப்பருக்காக ஊர் ஊராய் அலையத் தெம்பு இல்லை. ஸ்டீயரிங்கை ஒட்டிக் கியர் வைத்த பத்மினி அழகிதான். 1983இல் வந்து 2014 வரை உற்பத்தியான மாருதி 800க்குப் பாகம் கிடைப்பது எளிது; புத்தி அதைத்தான் சொல்கிறது. மனசு, 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014இல் நின்ற அம்பாசடரின் டிக்கியில் எலுமிச்சை மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறது.

இனித் தங்கள் கட்டண அட்டவணை. 15 வயதான காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய் இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் சொன்னீர்கள். வெளிநாட்டுக் காராக இருந்தால் 80,000. ஆனால் அதே கார் 50 வயதுவரை மூச்சுவிட்டு, உருவமும் மாறாமல் இருந்துவிட்டால், 2021 விதிப்படி 20,000 ரூபாய்க்கு 'வி.ஏ.' என்ற கௌரவ எழுத்தோடு நம்பர் கொடுத்து விண்டேஜ் ஆக்குகிறீர்கள். கூடவே ஒரு நிபந்தனை: வழக்கமாகச் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது ஆகியவற்றுக்கு வெளியே எடுக்கலாம். தாத்தாவுக்குச் சால்வை போர்த்திவிட்டு வாசலைத் தாண்டாதே என்பது போல இருக்கிறது. பெட்ரோல் போட்டுவரத் தினமும் சங்கரன்கோவில் போனால் விதிமீறலாகுமா என்று தெளிவுபடுத்தினால் நலம்.

பெட்ரோல் என்றதும் ஞாபகம் வருகிறது. தங்கள் பக்கத்து அமைச்சகத்தார் அதில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள். கரும்பு விளைகிற பக்கத்துக்காரன் எத்தனாலைக் குறைசொல்லக் கூடாதுதான். ஆனாலும் அந்தக்காலக் குழாய், கேஸ்கெட் ரப்பர்கள் இதற்கென்று செய்தவை அல்ல. மாற்றினால் போதும், செலவு அதிகமில்லை என்கிறார்கள். சரி, மாற்றிவிடுகிறேன். ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். நிறுத்தியே வைத்தால் டேங்க் துருப்பிடிக்கும், ஓட்டினால்தான் பிழைக்கும். ஓட்டாதே என்று தாங்கள், ஓட்டு என்று பெட்ரோல். நான் யார் பேச்சைக் கேட்பது?

கரும்புகை கக்கும் காருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதைத் தாராளமாக உடையுங்கள். ஆனால் வாரத்தில் ஒருநாள் வெளியே வருகிற இரண்டாவது வண்டியின் கட்டணத்தை, பிறந்த வருடத்தை வைத்து முடிவு செய்யாமல் அதன் புகையையும் பிரேக்கையும் சோதித்து முடிவு செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை 5 வருடத்துக்கு ஒருமுறை 10,000 கட்டுகிறேன், ரசீது மட்டும் தவறாமல் தரச்சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ராயகிரிக்காரன்