ஒன்றுக்கு ஒன்று

விளையாட்டுச் சாமான் சேர்ப்பவர்கள் பொதுவாகச் சிக்கனக்காரர்கள். 1968 இல் சந்தைக்கு வந்த ஹொட் வீல்ஸ் கார் 1:64 அளவு. அதை வாங்கி, பெட்டிகூடப் பிரிக்காமல் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைப்பார்கள். இலங்கையில், போர் முடிந்த வன்னிக்கு வந்து பாருங்கள். இங்கே அரசாங்கமே சேகரிப்பாளர், அளவும் 1:1.

ஆனையிறவில், ஏ9 வீதியோரம், 1991 சண்டையில் புலிகள் இராணுவ முகாமை நோக்கி ஓட்டி வந்த கவச புல்டோசர். கிளிநொச்சியில் கொங்கிறீற் கட்டியைத் துளைத்த பென்னாம்பெரிய குண்டு, மேலே பூத்த தாமரை. புதுக்குடியிருப்பில் காட்சிக்கு வைத்திருந்த, புலிகள் உள்ளூரில் செய்த நீர்மூழ்கி. என்ன ரசனை!

மணிமகுடம், கிளிநொச்சியில் போரில் சரிந்து விழுந்த தண்ணீர்த் தாங்கி. பக்கத்திலேயே நினைவுப்பொருள் கடையும் போட்டார்கள். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் போத்தல் தண்ணீர் குடித்தபடி அதன் முன் படம் எடுத்தார்கள். கைதேர்ந்த சேகரிப்பாளர் உடைந்ததைத் திருத்த மாட்டார், மதிப்புக் குறைந்துவிடும். இந்த விதியைச் சில ஊர்களுக்கும் பெருந்தன்மையோடு நீட்டினார்கள்.

இந்தப் பொழுதுபோக்கில் ஒரே தொல்லை, இட நெருக்கடி. வீட்டில் சண்டை வருவதே அதனால்தான். இங்கே அதுவும் இல்லை. அலுமாரி அயலவருடையது.

2017 இல் கேப்பாப்புலவுச் சனங்கள் படை பிடித்த காணியைத் திருப்பித் தரச்சொல்லி முகாம் வாசலில் குந்தினார்கள். கலை தெரியாதவர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. காணிப் பத்திரங்களைச் சொப்பிங் பையில் சுற்றி, மடிப்புக் கலையாமல் வைத்திருப்பவர்கள், அவர்களும் சேகரிப்பாளர்கள்தாம்.